ஒரு தும் அதிகம்

சவப்பெட்டிக்குள் அம்மாவின் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியை மெரிடித் மறுபடியும் அவிழ்த்தாள். காலையிலிருந்து இதே வேலைதான். அவள் அவிழ்த்துவிட்டு முகம் கழுவப் போவாள். திரும்பி வருவதற்குள் அம்மாவின் தோழி ட்ரூடி கட்டிவிட்டிருப்பாள்.

"ஆன்ட்டி, அம்மாவுக்கு ஊதா கவுன் போட்டிருக்கு. இது பொருந்தவே இல்ல."

"பொருந்தறதுக்காகவாடி கட்டறோம்? எங்க குழுவுல யார் செத்தாலும் மஞ்சள்தான். ஹெலனுக்குச் செவப்பு கவுன். அதுக்கு மேலயும் கட்டினோம். சர்க்கஸ்காரி மாதிரி இருந்தா."

தேவாலயத்தின் பின்னறையில் குழுவின் மற்ற கிழவிகள் டூனா சாண்ட்விச்சைத் தின்றபடி சிரித்தார்கள். எல்லார் கழுத்திலும் மஞ்சள். பெண்கள் கல்லூரியில் படித்தபோது, வாத்தியமே இல்லாமல் வாயாலேயே எல்லாம் பாடும் குழுவாகச் சேர்ந்தவர்கள். பேரன் பேத்தி எடுத்தும் விடவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவர்கள் மற்றவர்களையும் சும்மா இருக்க விடமாட்டார்கள்.

மெரிடித் பட்டம் வாங்கிய அன்றுகூட அம்மா லோயிஸ் இவர்களோடு எங்கோ பாடிக்கொண்டிருந்தாள். அதுவும் என்ன பாட்டு? மற்றவர்கள் வார்த்தைகளைப் பாடுவார்கள். லோயிஸ் அடிக்குரலில் 'தும் தும்' என்பாள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவும்போது தும் தும். கார் ஓட்டும்போது தும் தும். அந்த இழவைக் கேட்டே வளர்ந்தவள் மெரிடித். இன்றைக்கு ஒரு மணி நேரமாவது அம்மா தனக்கு மட்டும் வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

"பாட்டு வேண்டாம்னு போன்லயே சொன்னேனே?"

"உங்கம்மா வேணும்னு சொல்லிட்டுப் போனா. சந்தேகம்னா அவகிட்டயே கேட்டுக்கோ."

பெட்டியோடு சண்டை போட முடியுமா? "ஒண்ணு. ஒரே ஒரு பாட்டு" என்றாள் மெரிடித்.

"போதும். உங்கம்மா பாடின பங்கை யாரும் தொடமாட்டோம். செத்தவ இடத்தைக் காலியா விடறதுதான் எங்க வழக்கம். ஒரு விதத்துல நிம்மதி. நாங்க எல்லாரும் நிறுத்தின பிறகு அவ மட்டும் ஒரு தும் அதிகமாப் போடுவா, கழுதை. எத்தனை வருஷம் திட்டியும் திருந்தலை."

பாதிரியார் தலையசைத்ததும் பெட்டியைச் சுற்றி நின்று பாடினார்கள். முதல் அடி நன்றாகத்தான் போனது. அப்புறம் சுருதி இறங்கியது. ஒருத்தி இழுத்தாள், இன்னொருத்தி முந்தினாள். இத்தனை காலமும் எல்லாரும் சாய்ந்துகொண்டிருந்தது அந்த அடிக்குரலில்தான் போலிருக்கிறது. ட்ரூடி கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பாட்டு நடுவிலேயே நின்றுபோனது.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ட்ரூடி கையைக் கீழே போட்டாள்.

"அவ இல்லாம வரலைடி" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மெரிடித்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. வழக்கமாம், பெரிய வழக்கம்! முன்வரிசையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள்.

"தும். தும் தும்."

ட்ரூடி முறைத்தாள். அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குரலாக வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் ட்ரூடியும் சேர்ந்துகொண்டாள். மெரிடித் இதை யாரிடமும் கற்றதில்லை. ஆனாலும் எங்கே ஏற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. அழுகையும் வந்தது.

பாட்டின் முடிவில் ட்ரூடி கையை மூடினாள். எல்லாரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

"தும்" என்றாள் மெரிடித்.

ட்ரூடி அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். திட்டவில்லை.