கால் கிலோ அழுத்தம்

மிக்கேலை வேலப்பன் கடைசியாக உயிரோடு பார்த்த காலையில், அவன் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் தண்ணீர்மேல் நின்றபடி இட்லி தின்றுகொண்டிருந்தான். இரண்டு நாளாகக் காய்ச்சல். அங்கே அவன் நிற்க ஆரம்பித்துப் பதினோரு வருஷமாகியிருந்தது.

பஞ்சு குடோன் தீயில் ஆரம்பித்தது அது. தீயணைப்பு வண்டியின் பம்பை இயக்கியவர் வேலப்பன். வண்டியிலிருந்து போன ஹோஸ் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையை மிக்கேல் பிடித்தான், இன்னொன்றைக் கனத்த உடம்புக்காரன் பொன்னையா. முனையில் ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும். பெரிய ஹோஸில் உரசலில் இரண்டு தேயும், கிளையில் ஒன்று. ஆக எட்டு. கிளைகள் எத்தனை இருந்தாலும் ஒன்றின் தேய்மானத்தைக் கூட்டினால் போதும். வேலப்பன் அவசரத்தில் இரண்டையும் கூட்டி, பதிவேட்டில் ஒன்பது என்று எழுதி, ஒன்பதையே வைத்துவிட்டார்.

மிஞ்சிய ஒரு கிலோ, எடை குறைந்தவனாகப் பார்த்து மிக்கேலைப் பத்து மீட்டர் தூக்கி நிறுத்தியது. ஒரு கிலோவுக்குப் பத்து மீட்டர்தான். தீ அரைமணியில் அணைந்தது.

மேலே ஆள் இருக்கும்போது பம்பை நிறுத்தக் கூடாது. எழுதிய அழுத்தத்தைக் குறைக்கவும் விதியில்லை. ஹோஸை நீட்டித் தேய்மானத்தைக் கூட்டலாம், துண்டுக்குக் கால் கிலோ. நிலையத்தில் மூன்று துண்டுகள் இருந்தன. மாட்டியதும் ஏழரை மீட்டர் இறங்கினான். நான்காவதற்கு வேலப்பன் தலைமை அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதிவந்தார்.

"அண்ணாச்சி, ஹோஸ் வந்துச்சா?" என்று அன்று காலையும் கேட்டான் மிக்கேல்.

"புதன்கிழமை வருதாம்டே."

"எந்த வருஷத்துப் புதன்னு கேட்டியளா?"

"அவுகளைக் கேலி பண்ணாம தின்னுங்க," என்றாள் ஏணியில் நின்ற அவன் மனைவி ரோசிலி.

வேலப்பன் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுடே. ஒரு கிளையத்தான் கூட்டியிருக்கணும்."

"தெரியும். மேல போகும்போதே கூட்டிப் பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உங்க வேலை போயிருமே."

மீதி இட்லியைத் தூக்குச்சட்டியில் மூடி, வழக்கம்போலப் பக்கத்தில் காற்றில் வைத்தான்.

அன்று செவ்வாய். மதியம் நின்றபடியே இறந்தான். புதன்கிழமை ஹோஸ் வந்தது. மாட்டியதும் மெல்ல இறங்கினான். ரோசிலி ஒரு பக்கமும் வேலப்பன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பொன்னையா பம்பை நிறுத்தினான்.

தூக்குச்சட்டி எந்தக் கணக்கிலும் சேராததால் இறங்கவில்லை. இரண்டரை மீட்டர் உயரத்தில் இன்னும் நிற்கிறது. உள்ளே இரண்டு இட்லி இருக்கிறது.