சாய்ஃபெங்கின் விரல்களில் இருந்த குளிர்

யின் சாய்ஃபெங் தொட்ட தண்ணீர் உறைந்தது. ஹெய்ஷி ஊரின் மரம் அறுக்கும் ஆலை இரண்டாம் முறை தீப்பிடித்த வருஷத்துக் குளிர்காலத்தில் இது ஆரம்பித்தது. முதலில் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்தன, பிறகு நீலம் பாரித்தன. புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தபோது, அவள் பிடித்தவை எல்லாம் கூழாங்கல்லாக இறுகித் தட்டில் உருண்டன. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் பட்ட இடமெல்லாம் பனிக்கட்டித் தடம் விழுந்தது. அவள் கணவர் கெங் பாவ்ஷான் கூட்டுறவு இறைச்சிக்கடையின் பொறுப்பாளர். அடியில் நெருப்பு ஓடும் செங்கல் படுக்கையில், தனக்கும் மனைவிக்கும் நடுவே அவர் ஒரு சோள மூட்டையைக் கிடத்திக்கொண்டார். அவளுடைய நோய்க்காக அவர் செய்த ஒரே காரியம் அதுதான். ஊர்க்காரர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. வெளியே எச்சில் துப்பினால் தரையைத் தொடுமுன் உறைந்துவிடும் ஊரில், ஒரு பெண்ணின் கை ஜில்லிட்டால் யாருக்கு என்ன?

கோடை வந்தபோது அவளுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. மதியமானால் மின்சாரம் போய்விடும், சாயங்காலத்துக்குள் பன்றி இறைச்சி நாறும். ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த சாய்ஃபெங் கொக்கியில் தொங்கிய தொடைக்கறியில் கை ஊன்றிவிட்டாள். அது மறுநாள் வரை அப்போதுதான் வெட்டினதுபோல் இருந்தது. பாவ்ஷான் தன் வாழ்க்கையில் யோசித்த ஒரே யோசனை அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து அவளை இறைச்சிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். அவள் வலக்கை விலாவின்மேலும் இடக்கை ஈரலின்மேலும் இருந்தன. ஆலை இயக்குநர் தன் பீர் பாட்டில்களை அவள் மடியில் வைத்துவிட்டுச் சீட்டாடப் போவார். பெண்கள் அவளை "ஐஸ் அண்ணி" என்று கொஞ்சினார்கள். இவளைப்போல் ஒருத்தி பக்கத்து ஊரில் உண்டா என்று பெருமையடித்தார்கள். வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வலித்தது. இரவில் விரல்களுக்குள் ஊசி ஓடியது. கோடையின் முடிவில் கால் சுண்டுவிரல் கறுத்தது.

அதற்குப் பிறகுதான் அவள் பாங் தெலுவிடம் போனாள். வைத்தியர் பாங் தெலு ஊரிலேயே மிகவும் மதிக்கப்பட்டவர், காரணம் அவருடைய சுவர். நன்றி சொல்லும் சிவப்புப் பட்டுக் கொடிகள் அதில் இடம்விடாமல் தொங்கின. பாதிக்குமேல் அவருடைய மைத்துனி தைத்தவை. அவர் மூன்று விரலைச் சாய்ஃபெங்கின் மணிக்கட்டில் வைத்தார், விரல்கள் ஒட்டிக்கொண்டன. வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் அவர் தலையை ஆட்டியபடி, "ரத்தம் கொறைச்சல், நாளத்துல குளிர் குந்தியிருக்கு" என்றார். அப்படித்தான் தன் ஆசிரியர் சொல்லக் கேட்டிருந்தார். டாங்குய் வேர், இலவங்கக் குச்சி, அதிமதுரம், செவ்விலந்தைப் பழம், இஞ்சி எல்லாம் கட்டிக் கொடுத்துக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். மாசிபத்திரியைச் சுருட்டிக் கொளுத்திப் பாதத்தருகே அனல் காட்டச் சொன்னார்.

மருந்து வேலை செய்தது. மிகவும் ஆச்சரியப்பட்டவர் பாங் தெலுதான். இலையுதிர்காலம் முடிவதற்குள் சாய்ஃபெங்கின் கட்டைவிரல்கள் சிவந்தன. தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தேநீர் தேநீராகவே இருந்தது. கடையில் ஈரல் கெட்டுப்போனது. ஊர் முணுமுணுத்தது. சுயநலக்காரி என்று அதே பெண்கள் பேசினார்கள். பாவ்ஷானும் ஆலை இயக்குநரும் ஒரு முழுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனார்கள்.

"முழுசாக் குணமாக்கணும்னு என்ன அவசரம், வைத்தியரே?" என்றார் இயக்குநர். "ஊர் நன்மையும் பாக்கணுமில்ல."

"சாகவா போறா? கை சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்றார் பாவ்ஷான்.

பாங் தெலு ரொம்ப நேரம் யோசித்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டார். தொடை அன்று மாலையே அடுப்பில் வெந்தது. அடுத்த பொட்டலத்திலிருந்து இலவங்கக் குச்சிக்குப் பதில் ஆற்றோரத்து வில்லோ மரத்தின் காய்ந்த குச்சி வந்தது. சாய்ஃபெங்கின் விரல்கள் மறுபடி நீலமாயின. கஷாயத்தில் வாசனை இல்லை என்பதை அவள் மூக்கு முதல் நாளே சொல்லிவிட்டது. ஆனால் வைத்தியர் இவ்வளவு மலிவானவராக இருப்பார் என்று நம்ப அவளுக்குச் சில வாரங்கள் ஆயின. நம்பியதும், பேருந்தேறி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மருந்துக்கடைக்குப் போனாள். தானே சரக்கு வாங்கி, தானே காய்ச்சிக் குடித்தாள். உடம்பெல்லாம் வேர்த்தது. குளிர் முழங்கையிலிருந்து இறங்கி, விரல் நுனிகளில் வந்து வெளியேற இடம் தேடி நின்றது.

மறுநாள் காலை வைத்தியர் வீட்டில் நோயாளிகள் கூட்டம். அவள் நேராகப் போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"கையை நீட்டுங்க, வைத்தியரே. இன்னைக்கி நான் நாடி பாக்கறேன்."

"என்ன விளையாட்டு இது, பாவ்ஷான் பொண்டாட்டி?"

"எம் பேரு சாய்ஃபெங். நீட்டுங்க. குச்சியை மாத்திக் குடுத்த கைதானே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பை அடக்க வேண்டுமென்ற வீம்பில் அவர் கையை நீட்டினார். வீம்பு அவரிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அவள் மூன்று விரலை வைத்தாள். குளிர் ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுபோலப் போனது. பாங் தெலுவின் முழங்கை வரை பனி பூத்தது, பின்னால் சுவரில் தொங்கிய பட்டுக்கொடிகள் விறைத்துத் தகரம்போல் கணகணத்தன. சாய்ஃபெங் கையை எடுத்து ஊதிக்கொண்டாள். "நாடி இருக்கு. உள்ளதான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே மணவிலக்குக்கு எழுதிக் கொடுத்தாள். பாவ்ஷான் அழவில்லை. கோடைக்கு என்ன செய்வது என்றுதான் கவலைப்பட்டார். அந்தக் கவலையும் நீடிக்கவில்லை. பாங் தெலு நாடி பார்த்த நோயாளிகளின் கை மரத்துப்போக, கொஞ்ச நாளில் அவரிடம் யாரும் வரவில்லை. முதல் வெயில் அடித்ததும் இயக்குநர் அவரை மரியாதையாகக் கைத்தாங்கலாய் அழைத்துவந்து, இறைச்சிக்கடையில் உட்கார வைத்தார். ஊர் நன்மை என்றார். வைத்தியர் மறுக்கவில்லை, ஏனென்றால் உட்கார்ந்த இடத்தில் நாலுபேர் வணக்கம் சொன்னார்கள். அவருக்கு அது போதும்.

சாய்ஃபெங் பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசையும் வேலையில் சேர்ந்தாள். கால் சுண்டுவிரல் பாதி போய்விட்டது, மற்ற ஒன்பது கால்விரல்களும் சூடாக இருந்தன. இரண்டு கோடை கழித்து ஒருநாள் விலா எலும்பு வாங்க வந்தாள். தொங்கும் பன்றிகளுக்கு நடுவே, கம்பளித் தொப்பியும் நீல உதடுமாக அவர் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத்தான் மருந்து தெரியுமே, காய்ச்சிக் குடிக்கிறதுக்கு என்ன?"

வைத்தியர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் கேக்குமா என்ன?"

சாய்ஃபெங் தன் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கொழுப்பில்லாத பக்கமாக வெட்டச் சொன்னாள், வாங்கிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் வழக்கம்போல் மின்சாரம் போனது. பாங் தெலு முக்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு, புதிதாக வந்த பன்றியின்மேல் கையை வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கறி அதற்குப் பிறகு கெட்டதில்லை.