விதையில்லாத டிரைஃபிள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் கற்பனையைப் பாராட்டி மானத்தை வாங்க வேண்டாம். இன்று விடுமுறை விருந்து. காலையில் அக்கா என் கையில் ஒரு சல்லடையைத் திணித்து, "எழுதிக் கிழிச்சது போதும். இந்த ராஸ்பெரியத் தேய்ச்சுக் குடு. ஒரு விதைகூட இறங்கக் கூடாது" என்றாள். தேய்த்தேன். கதை அங்கிருந்துதான் வந்தது.

முதலில் எழுதிய வரி: "சமையலறையின் மௌனத்தில், கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் ஒரு சிவப்பு மெல்ல உதயமாகி—"

சகிக்கவில்லை. அந்தப் பழம் சிவப்பு என்று உங்களுக்கே தெரியும். நேராகத் தொடங்குகிறேன்: அத்தானால் சரியாக விழுங்க முடியாது.

2

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டு மேஜையில் அவர் இருந்தால் மற்றவர்கள் பேச முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பின. தொண்டை திரும்பவில்லை. தண்ணீர்கூடப் புரையேறுகிறது. எதுவானாலும் கட்டியில்லாமல், கெட்டிக் கூழாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது விழுங்கும் பயிற்சி கொடுக்கும் பெண்ணின் உத்தரவு. அன்றிலிருந்து அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார்.

இன்று அவர்களுடைய மகளும் மருமகனும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். இன்றைக்காவது அவரை மேஜையில் உட்காரவைத்தே தீருவது என்று அக்கா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

(அக்காவைச் சரியாக எழுதவில்லை. படித்துப் பார்த்தால் பொறுமையின் சிகரமாகத் தெரிகிறாள். அப்படியெல்லாம் இல்லை. கஸ்டர்ட் திரண்டு வரவில்லை என்று அதையே திட்டினாள்.)

3

டிரைஃபிள் என்பது அடுக்கடுக்காகச் செய்யும் ஓர் இனிப்பு. அடியில் கேக், அதன்மேல் ஜெல்லியும் பழமும், பிறகு கஸ்டர்ட், உச்சியில் கிரீம். கண்ணாடி வழியே ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய வேண்டும். எல்லோருக்குமாகப் பெரிய பாத்திரத்தில் ஒன்று செய்தாள். அத்தானுக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வேறொன்று. கேக்கைப் பாலில் ஊறவைத்து மசித்தாள். நான் வடித்த பழத்தில் கெட்டியாக்கும் பொடியைக் கலந்தாள். ஜெல்லியை விட்டுவிட்டாள், வாயில் போனதும் அது தண்ணீராகிவிடுமாம். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்ததை ஊற்றினாள். வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் பெரியதன் குட்டி. நான் அசந்துபோனேன்.

இங்கேயே நிறுத்தி, அன்பு வென்றது என்று ஒரு வரி போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். அத்தான் விடவில்லை.

4

அவரைக் கூட்டிவந்து காட்டினாள்.

"பாருங்க, உங்களுக்குன்னே செஞ்சது."

பார்த்தார். கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளினார்.

"ரூமுக்குக் கொண்டா."

"இதுல என்ன குறை கண்டீங்க? அதுல இருக்கிற மாதிரியேதானே இருக்கு!"

வாய் ஒரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "எல்லாரும் அதச் சாப்பிடுவாங்க. நான் மட்டும்... இத. எல்லாரும் என் தொண்டையவே பாப்பாங்க."

திரும்பி அறைக்குப் போய்விட்டார். அக்கா அழுதாள். நானும்தான். ("அவள் கண்ணீர்த் துளி கஸ்டர்டின் மேல் விழுந்து—" என்று எழுதிப் பார்த்தேன். பொய். கஸ்டர்டில் எதுவும் விழவில்லை.)

5

நான் சும்மா இருக்கிற ஆளா? கதைக்கு இரண்டு முடிவு தோன்றியது, அக்காவிடமே சொன்னேன்.

அ. அத்தான் மேஜைக்கு வந்து சாப்பிடுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

"கைதட்டுறதுக்கு அவர் என்ன பச்சப்புள்ளயாடா?"

ஆ. முதல் வாயிலேயே புரையேறி—

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய பாத்திரத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "கீழ் வீட்டுல குடுத்துட்டு வா."

"முழுசாவா?"

"முழுசாத்தான். வந்து சல்லடைய எடு."

திரும்பி வந்தபோது, அலமாரியிலிருந்த சின்னக் கிண்ணங்களையெல்லாம் இறக்கி வைத்திருந்தாள்.

[அந்தப் பாத்திரத்தோடு படியிறங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உத்தமனாகிவிடுவேன்.]

6

மதியம். மேஜையில் எல்லோர் முன்னும் ஒரே மாதிரிக் கிண்ணம். அக்கா போய் அறைக்கதவைத் தட்டி, "எல்லாருக்கும் ஒண்ணுதான், வந்து பாருங்க" என்றாள். அத்தான் வந்தார், கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், உட்கார்ந்தார். இன்னும் ஸ்பூனைத் தொடவில்லை. யாருமே தொடவில்லை.

இதற்குமேல் எழுத எனக்குத் துப்பில்லை. அதனால்தான் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு உங்களைக் கூப்பிட்டேன். உட்காருங்கள். உங்கள் கிண்ணத்தில் கடிபட எதுவும் இருக்காது. பொடியின் வழவழப்பு நாக்கில் ஒட்டும். முகம் சுளித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆஹா ஓஹோ என்றால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அவர் சாப்பிடுவாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் உங்கள் ஸ்பூனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.