பாத்ரூம் வில்லியம்

வில்லியம் சாரின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியபோது, அவருடைய மகள் ஜோன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே நின்றாள். அவளுடைய ஐந்து வயது மகள் லினெட்டுக்கு அம்மை. குழந்தையைச் சர்ச்சுக்கும் கல்லறைக்கும் கூட்டிப்போகவும் முடியாது, தனியாக விடவும் முடியாது.

"கதவ நல்லா பூட்டிக்கக்கா," என்றான் தம்பி ஃபிரெட்ரிக். அவன்தான் பேப்பரில் மரண அறிவிப்புக் கொடுத்தவன். சாந்தோம் விலாசம், வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் எல்லாம் விவரமாகப் போட்டிருந்தான். படிக்கிறவர்கள் எல்லாரும் துக்கம் கேட்கத்தான் வருவார்கள் என்று நினைப்பு. தெருவே வண்டிக்குப் பின்னால் நடந்து போனது.

தெருவில் அப்பாவுக்கு 'பாத்ரூம் வில்லியம்' என்று பெயர். இத்தனைக்கும் பி.டி. மாஸ்டர், நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். ஜோனின் பத்து வயதில் வீட்டில் திருடன் புகுந்தான். அவர் மனைவியையும் பிள்ளைகளையும் பாத்ரூமுக்குள் தள்ளி, தானும் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போகட்டும், எடுத்துட்டுப் போகட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பீரோவிலிருந்த அம்மாவின் நகையெல்லாம் போயிற்று. ஊர் வாய்க்கு அது போதாதா? பையன்கள் அவரைக் கண்டால் தாழ் போடுவதுபோலக் கையை இழுத்துக் காட்டினார்கள். ஜோனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவரோடு பள்ளிக்கு நடப்பதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கொல்லைப்பக்கம் ஏதோ உடைந்தது. பூனை என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். சமையலறைக் கதவுப் பலகையைப் பிளந்துகொண்டு ஒரு கடப்பாரை முனை உள்ளே வந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் தம்பியின் கிரிக்கெட் மட்டை சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தாள். லினெட்டைப் பார்த்தாள். குழந்தையை வாரிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி, அந்தத் திருட்டுக்குப் பிறகு அப்பா போட்டுவைத்த இரட்டைத் தாழ்ப்பாளையும் தள்ளினாள்.

"யாரும்மா அது?"

"யாரா இருந்தா என்ன, எடுத்துட்டுப் போகட்டும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைத்தது.

கதவுக்குப் பின்னால், ஆணியில், கறுப்புக் கயிற்றோடு அப்பாவின் விசில் தொங்கியது. குளிக்கிற இடத்தில் விசில் எதற்கு என்று வீட்டில் சிரிக்காதவர் கிடையாது. ஜோன் வாளியைக் கவிழ்த்து ஏறி, வென்டிலேட்டரில் வாய் வைத்து, மூச்சு உள்ளமட்டும் ஊதினாள்.

"இன்னாமா ஆச்சு?" தெருமுனையிலேயே நின்றுவிட்ட இஸ்திரிக்காரர் வலியுல்லாவின் குரல். "டேய், யார்ரா அது! புடிங்க!"

கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதிக்கும் சத்தம் கேட்டது.

கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பியபோது டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வீடியோ டெக் இருந்த இடம் காலியாக இருந்தது.

"டெக்க தூக்கிட்டானே! ஒருத்தன்தான வந்தான்? மட்ட பக்கத்துலயே இருந்துச்சேக்கா?" என்றான் ஃபிரெட்ரிக்.

"இருந்துச்சு."

அம்மா பிரிஸில்லா உடைந்த கதவைப் பார்க்கவில்லை. லினெட்டின் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எங்கடி இருந்தீங்க?"

"பாத்ரூம்ல."

அம்மா மகளையே பார்த்தாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நகை போனதுக்கு நான் ஒரு நாளும் அவர திட்டலடி," என்றாள்.

லினெட் விசிலை விடவில்லை; ஊதிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். துக்க வீட்டில் இதென்ன என்று யாரும் அதட்டவில்லை. அவள் தூங்கியதும் ஜோன் சுத்தியலை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். பழைய ஆணியைப் பிடுங்கி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அடித்து, விசிலை மாட்டினாள்.