ஜன்னலோரத்தில் ஒரு முகக்கவசம்

இவர் எதற்கு இங்கே வந்து நிற்கிறார்? வீட்டில் கூப்பிட்டாலே எழுந்து வராத மனுஷன், கூப்பிடாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். சிரிக்கிறார் வேறு.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மேசைமேல் இருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு கோடியில் அவளுடைய பரிசோதனைக்கூடம். மறுகோடியில் அவள் கணவன் பார்த்துக்கொள்ளும் கேஸ் ரூம். புதுச் சரக்கு நின்றுபோனதிலிருந்து தொற்று வார்டில் போட்டுக் கழற்றிய முகக்கவசங்கள் அவனிடம்தான் வருகின்றன. இரும்பு அறைக்குள் அடுக்கி, கிருமியைக் கொல்லும் வாயுவைத் திறந்துவிடுவான். அதன்பின் பக்கத்து அறையில் விசிறிக்காற்றில் தொங்கவிட வேண்டும். துணிக்குள்ளும் மூக்குப் பட்டியின் பஞ்சுக்குள்ளும் புகுந்துகொண்ட வாயு லேசில் வெளியே வராது. கிருமியைக் கொன்றது மனித மூச்சை மட்டும் சும்மா விடுமா? ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கவசத்தை எடுத்து, எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்வது அவள் பொறுப்பு. அவள் சரி என்றால்தான் பெட்டிகள் மேலே போகும்.

"என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வேலை நேரத்துல கொஞ்ச வந்தீங்களா? விஷயத்தைச் சொல்லுங்க."

அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். "காத்து ரூம் ஃபேன் நின்னு போச்சு. மெக்கானிக் வர்றேன் வர்றேங்கறான், ஆளக் காணோம். மேல இருந்து போன் மேல போன். உயிர வாங்கறாங்க."

"அப்ப இந்தப் பெட்டி?"

"அப்படியே கட்டிட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். மாஸ்க்க எடுத்து அந்த ஜன்னல் ஓரமா கொஞ்ச நேரம் வை. அப்புறம் டெஸ்ட் பண்ணு."

"அது ஒண்ணுல இருந்து கேஸ் போயிடும். பெட்டிக்குள்ள இருக்கறதுல?"

அவன் பேனா ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்தி வைத்தான். அவள் அந்தக் கையையே பார்த்தாள். நேற்று இதே கைதான் ஒரு கவசத்தை உறையில்லாமல் கொண்டுவந்து நீட்டியது. உனக்கு எதுக்கு அலைச்சல் என்று அவன் சொன்னபோது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தது.

"ஃபேன் எப்ப நின்னுது?"

"நேத்து."

"நேத்துக் கொண்டுவந்தீங்களே, அது..."

"ஜன்னல்ல காத்தாட வச்சு எடுத்தது. இன்னைக்கும் அப்படித்தான் நானே கொண்டுவந்திருப்பேன். நீ முந்திக்கிட்டுப் பெட்டியையே தூக்கிட்டு வந்துட்ட."

சரி என்று சொன்னது அவள் வாய். அதை நம்பித்தான் மேலே அத்தனை பேரும் மூக்கை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் போனை எடுத்து வார்டுக்கு அடித்தாள். எடுத்தது நாத்தனார், அவனுடைய தங்கை. அங்கே நர்ஸ்.

"அண்ணி! நானே பண்ணணும்னு இருந்தேன். எங்க அண்ணன் மாஸ்க்கைச் சுத்தம் பண்றாரா, வறுத்து அனுப்பறாரா? மூக்கெல்லாம் காந்துது. கண்ணுல தண்ணி. பேஷன்ட் எனக்கு ஆறுதல் சொல்றாரு, அழாதம்மா, நான் பொழச்சுக்குவேன்னு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாரையும் வெளிய வந்து அதைக் கழட்டச் சொல்லு. நேத்து வந்த பெட்டி ஒண்ணையும் தொடாதீங்க."

"ஐயோ, கழட்டிட்டு எதைப் போடறது?" அந்தக் குரலில் விளையாட்டு வடிந்துவிட்டது. பின்னால் யாரோ விடாமல் இருமுவது கேட்டது. "அண்ணி... அதுல என்ன இருக்கு?"

"முதல்ல கழட்டு. நானே மேல வந்து சொல்றேன்."

போனை வைத்தபோது கணவனின் முகம் வெளுத்திருந்தது. கோபமா பயமா, அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கெட்டவனில்லை. தங்கைக்குத் தலைவலி என்றால் தைலத்தோடு ஓடுகிறவன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இல்லாமலே போய்விடும் என்று நம்பியிருக்கிறான். கொஞ்ச நேரம் சும்மா இரு என்பதுதான் அவன் கேட்பது. அவ்வளவு சின்ன விஷயமாக இருப்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நேத்தயது போகட்டும், கழட்டச் சொல்லிட்ட," என்றான் தணிந்த குரலில். "இதையாவது விடு. இதுவும் போகலன்னா வெறும் மூஞ்சியோட நிப்பாங்க. அந்த வார்டுல. என் தங்கச்சியும்தான். யோசிச்சியா?"

யோசித்தாள். பெட்டியைப் பிரித்து ஒரு கவசத்தை எடுத்தாள். வெளுப்பாக, மொடமொடவென்று, புதுசு போலவே இருந்தது.

அவள் இறங்கிவந்துவிட்டாள் என்று நினைத்தானோ என்னவோ, அவனே போய் ஜன்னலைத் திறந்தான். வெளிக்காற்று மேசைவரை வந்தது.

அவள் திரும்பி நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி, மூக்குப் பட்டியின் பஞ்சோடு சேர்த்து ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைச் சீசாவுக்குள் போட்டு மூடியை இறுக்கினாள்.

"ஜன்னலைச் சாத்துங்க," என்றாள்.