கலைச்செல்வியின் தங்கமீன்கள்

கலைச்செல்வி ஆபரேஷனுக்காகப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனபோது, தன் நாலு தங்கமீன்களையும் கண்ணாடித் தொட்டியோடு பக்கத்து வீட்டு செலினாவிடம் விட்டுப்போனாள். செலினாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறு வருடத்துக்கு முன், தொண்ணூற்றேழில், செலினா டைபாய்டில் கிடந்தபோது அவளுடைய கைக்குழந்தை சரோனுக்குத் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால் கொடுத்தவள் கலைச்செல்வி. பதிலுக்கு ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப்போட வழியில்லையே என்று செலினா ஏங்காத நாளில்லை. இப்போது வாய்த்தது.

விடுவாளா? யட்டியாந்தோட்டைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் அவளைவிடச் சுத்தக்காரி கிடையாது. தினமும் தொட்டியை முழுக்க இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் சுமந்தது அவளுடைய பழைய வாளி. ரப்பர் பால் எடுத்த வாளிதான். ஆனால் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்தது.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள்கள் சிவந்திருந்தன. கண்ணூறு என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். போதாதென்று இன்னொரு தடவை தண்ணீரை மாற்றினாள். விடிந்தபோது ஒன்று மல்லாந்து கிடந்தது.

"கலை மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று புலம்பிய செலினா, மிச்ச மூன்றையும் அதே வாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடைவீதியில் வளர்ப்பு மீன் விற்கும் ஜுனைதீன் நானா குனிந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"தங்கச்சி, இது ரப்பர் பால் வாளியா?"

"ஆமாங்க நானா. நல்லா கழுவுனதுங்க."

"பால் உறையாம இரிக்க அமோனியா ஊத்துவீங்கதானே? அது இன்னும் வாளி மடிப்புல இரிக்கி. மீனுக்கு நோயில்ல, நஞ்சு."

"எனக்கு ஒண்ணும் மணக்கலயே!"

எப்படி மணக்கும்? இருபது வருடமாக அந்த நெடியிலேயே நிற்கிற மூக்கு. செலினா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜுனைதீன் ஒரு வார்த்தை கடியவில்லை. மீன்களை, முன்னமே பிடித்துவைத்திருந்த பழைய தண்ணீரில் விட்டு, காற்றுக் குழாயைப் போட்டார்.

"மருந்து வேணாம். ரெண்டு நாள் தீனி போடாதீங்க. தண்ணிய ஒரு நாள் பேசின்ல வச்சிட்டு ஊத்துங்க. ஒரேயடியா மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க."

சாயந்தரத்துக்குள் மூன்றும் கீழே இறங்கி நீந்தின. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டாள் செலினா. புது பிளாஸ்டிக் பேசினில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுவாரம் கலைச்செல்வி வந்து கட்டிலில் சாய்ந்ததும், செலினா ஒளிக்காமல் சொன்னாள்.

"ஒண்ணு போயிருச்சு கலை. நான்தான் கொன்னுட்டேன். பால் வாளில தண்ணி ஊத்துனேன்."

கலைச்செல்வி சிரித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதடி, தையல் வலிக்குது." பிறகு செலினாவின் கையை இழுத்துப் பிடித்தாள்.

"பொழச்சு வருவேனான்னே எனக்குத் தெரியாது. வரலன்னா எம்புள்ளய நீ பாத்துக்குவேன்னு நெனச்சுத்தான் தைரியமாப் போனேன். அத வாய்விட்டுச் சொல்ல முடியல, மீனு ஒரு சாக்குதான்டி."

இந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்தேன், சாமி, என்று செலினா அழுதாள்.