ஜாடிக்குள் ஒரு செர்ரிக் கொட்டை

நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெர்லின் ஹால்வர்சன், அந்தக் கோடையில் முதன்முறையாகப் புளிப்புச் செர்ரி வாங்கி வந்தார். கொட்டை நீக்கி, சர்க்கரையும் மாவும் கூட்டிக் காய்ச்சி, மாவு உறைக்குள் பழம் வைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்துக்கான பூரணமாக்கிக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பினார். கடைசி ஜாடிக்காகப் பாத்திரத்தின் அடியை வழித்தபோது, கரண்டியில் ‘டிக்’ என்று ஏதோ தட்டியது. தப்பிய கொட்டை என்பதில் ஐயமில்லை. துழாவினார், அந்தச் சிவந்த கூழுக்குள் அது அகப்படவில்லை. அப்படியே ஜாடியில் ஊற்றி, மூடி, கொதிநீரில் இறக்கிவிட்டார்.

ஆறும்போது மூடிகள் ஒவ்வொன்றாக ‘டிங்’ என்று உட்குழிந்து இறுகின. காற்றுப் புகாமல் அடைத்தாயிற்று என்பதற்கான அவ்வொலியைத் தமக்கு எழுந்த கைதட்டலாகவே ஏற்று, யாருமற்ற சமையலறையில் மெல்லத் தலைவணங்கினார். கைதட்டல் வாங்கிய ஜாடியைத் திறக்க யாருக்குத்தான் மனம் வரும்? கடைசி ஜாடியின் மூடியில் சிவப்புப் புள்ளி இட்டு, தாமே உண்பதாகத் தீர்மானித்து ஒதுக்கி வைத்தார்.

இலையுதிர்காலத்தில், தேவாலயத்து அறுவடை விருந்துக்காக ஜாடிகளை வாங்கிப்போக அண்ணி ஆர்டிஸ் வந்தாள்.

“அண்ணி, அந்தச் சிவப்புப் புள்ளி ஜாடி வந்து...”

“தனியா எடுத்து வச்சிருக்கியே, அதான் ஒசத்தியா? குடு, குடு.”

“இல்ல, அது...”

“இதுக்கெல்லாமா வெக்கப்படுவே?”

“பரவாயில்ல, எடுத்துக்குங்க,” என்றார் வெர்லின். எது பரவாயில்லை என்பதை அவரே அறியார்.

விருந்தன்று காலையில், உதவுவதாகச் சொல்லித் தேவாலயச் சமையலறைக்குள் புகுந்து, அந்த ஜாடியின் பூரணம் நீலத் தட்டிலிருந்த பைக்குள் போவதைப் பார்த்து வைத்துக்கொண்டார். உதவி என்று அவர் செய்தது அவ்வளவே. அவருடைய கவலையெல்லாம் அண்ணன் ஆர்விலின் பற்களைப் பற்றியது. பல மாதம் கஞ்சியில் காலம் தள்ளிய ஆர்விலுக்கு அந்த வாரம்தான் புதுப் பல்செட் வந்திருந்தது.

“மொதல் கடி என் தம்பி பையிலதான்,” என்று அண்ணன் கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் தீரும் விஷயம். வெர்லினோ அதைவிட எளிதென்று தமக்குத் தோன்றிய வழியைத் தேர்ந்தார்: பை முழுவதையும் தாமே தின்றுவிடுவது. முதல் துண்டில் கொட்டை தட்டுப்படவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்கு இடுப்பு வாரைத் தளர்த்தினார். நான்காவதைக் கண்ணீர் மல்க எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவ்வூரில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தாம் கொண்டுவந்த பண்டத்தை யாரும் தொடாவிட்டால், கொண்டுவந்தவரே சத்தமில்லாமல் தின்று அதைக் குறைத்துக்காட்டுவார். ஆர்டிஸின் கண்ணில் நீலத் தட்டும் பட்டது. கொழுந்தனின் கண்ணீரும் பட்டது.

“அடப் பாவமே! ஒருத்தரும் தொடலைன்னு அவனே தின்னுட்டிருக்கான்,” என்றாள் பக்கத்திலிருந்த லோர்னாவிடம்.

“ஐயோ, நாங்க ஆப்பிள் பையைப் பாத்ததும் அங்கேயே நின்னுட்டோமே! மனசு என்ன பாடுபடுமோ!”

இரக்கம் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஆளாளுக்குத் தட்டோடு ஓடிவந்தார்கள். மிச்சமிருந்த நான்கு துண்டுகளை எட்டாகக் கூறுபோட்டார்கள். முதல் ஆளாக ஆர்வில்.

“என் தம்பி செஞ்சதை நான் திங்காம வேற எவன் திங்கிறது?” என்று புதுப் பற்கள் மின்ன வாயைத் திறந்தார்.

வெர்லின் துள்ளி எழுந்தார். “யாரும் கடிக்காதீங்க! உள்ளே கொட்டை இருக்கு!” வாயிலிருந்த துணுக்குகள் பாதிரியாரின் அங்கிவரை தெறித்தன. “மன்னிக்கணும்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாதிரியார் அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“எத்தனை?” என்றாள் லோர்னா.

“ஒண்ணு.”

“ஒண்ணுக்கா இந்தக் கூப்பாடு?”

“செர்ரி பையை யாருப்பா வெடுக்குன்னு கடிப்பாங்க?” என்றாள் ஆர்டிஸ். “நாக்கால துழாவிப் பாத்துட்டு மெதுவா மெல்லணும். இது நம்ம ஊர்ல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியுமே! நீ எப்பப் பாத்தாலும் ஆப்பிள் பக்கமே போயிடுவே, உனக்கு எங்க தெரியப்போவுது?”

எல்லோரும் நிதானமாக மென்றார்கள். ஆர்வில் கண்ணை மூடி மென்று, எதையோ உதட்டுக்குக் கொண்டுவந்து, தட்டின் விளிம்பில் வைத்தார். “இந்தா உன் கொட்டை. என் பல் கல்லு மாதிரி இருக்கு, கவலைப்படாதே.”

வெர்லினுக்குப் போன உயிர் திரும்பியது.

“எனக்கும் ஒண்ணு,” என்றாள் லோர்னா.

“இங்க ரெண்டுப்பா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “நூலகரே, எண்ணித்தானே சொன்னீங்க?”

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. மெல்லாமல் அவசரமாக விழுங்கிய மூன்றேமுக்கால் துண்டுகளை வெர்லின் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, வயிற்றின் மேல் மிகுந்த மரியாதையோடு கையை வைத்துக்கொண்டு, முள்கரண்டியைக் கீழே வைத்தார்.